சூடு முப்பத்தொன்று, ஈரம் ஐம்பது

அந்தப் பெட்டி நூற்றிருபது சென்ரிமீற்றர் நீளம், அறுபது அகலம், அறுபது உயரம். முன்பக்கம் இரண்டு கண்ணாடிகள், ஒன்றின் பின்னால் ஒன்றாக வழுகும். அவை நடுவில் சேரும் இடத்தில் ஒரு சின்னப் பூட்டு. ஷாஃப்ஹவுசனில் அப்பா இருந்தது நாலாம் மாடியில், கூரைக்குக் கீழே, ஒற்றை அறை வீடு. அவருடைய கட்டிலுக்கும் யன்னலுக்கும் நடுவில் அந்தப் பெட்டி இருந்தது. படுக்கப் போகும்போது அப்பா உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு நடப்பார்.

பாம்பு வேண்டும் என்று கேட்டது நான்தான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவும் அப்பாவும் பிரிந்து, அம்மாவும் நானும் பாசலுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை வெள்ளி பின்னேரம் ரயிலேறி அப்பாவிடம் போகவேண்டும், ஞாயிறு திரும்பவேண்டும் என்று ஏற்பாடு. ரைன் ஆற்றோரமாக ஜெர்மனிக்குள்ளால் போகும் ரயில் அது. தொலைபேசிக்கு ஜெர்மனி வரவேற்கிறது என்று ஒரு செய்தி வரும். கொஞ்ச நேரத்தில் சுவிஸ் வரவேற்கும். அப்பா அந்த ரயிலில் ஒருநாளும் ஏறியதில்லை. எல்லை கடக்கக் கூடாது என்று அகதி அட்டையில் எழுதியிருந்த காலத்துப் பயம், கடவுச்சீட்டு வந்த பிறகும் அவருக்குப் போகவில்லை.

முதல் சில தடவைகள் நாங்கள் இருவரும் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தோம். அப்பா ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. வீட்டிலும் சமைப்பார், கழுவுவார், தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் இருப்பார். ஒருநாள் கேட்டார், "உனக்கு இஞ்ச என்ன இருந்தா வர விருப்பமாயிருக்கும், பிள்ளை?"

"பாம்பு" என்றேன்.

எனக்குப் பாம்பில் பெரிய ஆசை ஒன்றும் இருக்கவில்லை. அப்பாவுக்குப் பாம்பென்றால் பயம் என்று தெரியும். புல்லில் தண்ணீர்க் குழாய் கிடந்தாலே காலைத் தூக்கிவிடுவார். அவர் மாட்டேன் என்று சொல்லவேண்டும், அதைச் சாட்டி நான் கோபமாக இருக்கவேண்டும். அதற்காகத்தான் கேட்டேன். அப்பா மாட்டேன் என்று சொல்லவில்லை. இரண்டு கிழமை கழித்து நான் போனபோது, சப்பாத்தைக் கழற்ற முதலே கேட்டார்: "பாம்புக்கு என்னென்ன வேணும் எண்டு விசாரிச்சியோ?"

கைவிடப்பட்ட பாம்புகளையும் ஆமைகளையும் எடுத்து வளர்த்து, பிறகு ஆள் பார்த்துக் கொடுக்கும் நிலையம் ஒன்று சூரிச்சுக்கு வெளியே இருந்தது. அங்கே பொறுப்பாக இருந்த பெண், முதலில் வீடு, பிறகுதான் பாம்பு என்று சொல்லி ஐந்து பக்கத் தாள் ஒன்றைத் தந்தாள். திரும்பும் வழியில் ரயிலிலேயே நான் அதை ஜெர்மனில் வாசித்துத் தமிழில் சொல்ல, அப்பா சதுரக்கோட்டுக் கொப்பியில் எழுதினார். எனக்குத் தமிழ்ச் சொல் வராத இடங்களில் கையால் காட்டினேன். தான் எழுதியது சரியோ என்று அவர் எனக்கு வாசித்துக் காட்டினார். நாங்கள் இருவரும் அவ்வளவு நேரம் தொடர்ந்து கதைத்தது அதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும்.

பெட்டியை யாரோ விற்றதை வாங்கினார். பக்கச் சுவர்களில் காற்றுத் துளைகள், ஒரு பக்கம் கீழே, மறுபக்கம் மேலே, காற்று உள்ளே நின்றுவிடாமல் ஓடும்படி அவரே துளைத்து வலை அடித்தார். இடது பக்கம் சூடான பக்கம். மேலே விளக்கு, பாம்பு அதில் சுட்டுக்கொள்ளாதபடி சுற்றிவரக் கம்பிக்கூடு, விளக்குக்கு நேர்கீழே ஒரு தட்டைக்கல். அங்கே முப்பத்தொரு பாகைச் சூடு இருக்கவேண்டும். வலது பக்கம் இருபத்துநான்கு. பாம்புக்கு உடம்பிலே சொந்தமாகச் சூடு இல்லை, சூடு வேண்டுமென்றால் இங்கே வரும், போதுமென்றால் அங்கே போகும், இரண்டையும் நாங்கள் கொடுக்கவேண்டும் என்று தாளில் இருந்தது. ஒளிவதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு மரப்பட்டைக் கூடு. அதுவும் பெரிதாக இருக்கக்கூடாது, உடம்பு சுவரில் முட்டினால்தான் அதற்குப் பாதுகாப்பாகத் தெரியுமாம். தோல் கழற்றும் நாட்களுக்கு ஈரப்பாசி வைத்த ஒரு பெட்டி. முழு உடம்பும் அமிழக்கூடிய தண்ணீர்ப் பாத்திரம். கீழே உள்ளங்கை ஆழத்துக்கு மரப்பட்டைத் துண்டுகள். ஏறுவதற்கு ஆற்றங்கரையில் பொறுக்கிய ஒரு கிளை. அதில் பூச்சி இருக்கக்கூடாதென்று அப்பா அதை இரண்டாக வெட்டி, கேக் சுடும் அடுப்பில் வைத்துச் சூடாக்கினார். நேர்வெயில் படக்கூடாது என்றும் இருந்தது. ஆனால் அறையில் வேறு இடமில்லை. ஆகவே வேலைக்குப் போக முதல் ஸ்டோரன் என்று இங்கே சொல்லும் வெளித்தட்டியை யன்னலில் இறக்கிவிட்டுத்தான் போவார்.

எல்லாம் பொருத்தியபின் ஒரு கிழமைக்குக் காலையும் மாலையும் சூட்டையும் காற்றின் ஈர வீதத்தையும் எழுதிக் கொண்டுவரவேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். அப்பா இரண்டு கிழமைக்கு எழுதினார். அவள் அந்தத் தாளை இரண்டு தரம் பார்த்துவிட்டு ஒரு துணிப்பையில் பாம்பைத் தந்தாள். சோளப்பாம்பு, செம்மஞ்சள் நிறம், நஞ்சில்லாதது. வீடு மாறிப் போன யாரோ பழைய வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனதாம். ரூபி என்று பெயர்.

அப்பா அதை ரூபி என்று கூப்பிட்டதேயில்லை. 'அவர்' என்பார். "அவருக்கு இண்டைக்குச் சாப்பாட்டு நாள்." "அவர் இப்ப குளிர்ப்பக்கம் போட்டார்." முதல் மாதங்களில் சமையலறைக் கையுறை போட்டுக்கொண்டுதான் தண்ணீர்ப் பாத்திரத்தை எடுப்பார். குளிர்ப்பெட்டியிலிருந்து உறைந்த சுண்டெலியை எடுத்து இளக்கி, இடுக்கியால் பிடித்துக் கொடுப்பது என் வேலை. அப்பா குளியலறையில் நிற்பார். தின்று முடிந்ததும் கூப்பிடவேண்டும். இரண்டு நாளைக்குப் பாம்பைத் தூக்கக்கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் எனக்கு அவர்தான் ஞாபகப்படுத்துவார்.

நாலு வருடம் அப்படிப் போனது. பதினாறு வயதில் ஓர் ஆய்வுகூடத்தில் எனக்கு லேர கிடைத்தது. பள்ளிக்கூடமும் வேலையுமாக மூன்று வருடத் தொழிற்பயிற்சி. முதலில் ஒரு வெள்ளி போகவில்லை. பிறகு ஒரு மாதம் போகவில்லை. பிறகு போகவேயில்லை. சண்டை ஒன்றும் நடக்கவில்லை. யாராவது காரணம் கேட்டிருந்தால் களைப்பு என்று சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை. அந்த வருடங்களில் எனக்கு எதிலும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், ட்ராமில் தரிப்பிடங்களை எண்ணினேன்.

நான் போவதை நிறுத்திய கிழமையிலிருந்து அப்பாவின் வட்ஸ்அப் செய்திகள் வரத் தொடங்கின. ஒவ்வொரு நாளும் ஒன்று. 'சூடு 31, 24. ஈரம் 50.' சில நாட்களில் இன்னும் ஒரு சொல் இருக்கும். 'சாப்பிட்டார்.' 'தோல் கழட்டிட்டார், முழுசா.' குளியலறையில் நின்றவர் இப்போது இடுக்கியைத் தானே பிடிக்கிறார் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. எப்படி இருக்கிறாய் என்று அவர் எழுதியதில்லை. நான் பதில் எழுதியதில்லை. வாசித்துவிட்டேன் என்பதற்கு நீலக்கோடு விழும். அவருக்கு அது போதும் என்று எடுத்துக்கொண்டேன்.

லேர முடிந்து பேர்ணில் வேலை கிடைத்தது. தனியாக வீடு எடுத்தேன். அறையில் ஒரு சுவர் வெறுமையாக இருந்தது, ரூபியைக் கொண்டுவரலாம் என்று யோசித்தேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அப்பாவுக்கு எழுதினேன்: 'வாற ஞாயிறு வாறன். ரூபியைக் கொண்டு போகப்போறன்.' அரை நாள் கழித்துப் பதில் வந்தது. 'ஓம். வா.' அதற்குப் பிறகும் வழக்கம்போல ஒவ்வொரு நாளும் எண்கள் வந்தன.

மாசி மாதம், குளிர். அப்பா ரயில் நிலையத்தில் நின்றார். தலைமயிர் வெட்டியிருந்தார். என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். பாம்பு கொண்டுபோவதற்காக வாங்கிய, மூடியில் துளையுள்ள பெட்டி. "நான் கொண்டு வாறன்" என்று வாங்கிக்கொண்டார். நாலு மாடியும் ஏறினோம்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடி துடைத்திருந்தது, தண்ணீர் புதிதாக இருந்தது, மரப்பட்டைத் துண்டுகள் புதிதாகப் போட்ட மணம் வந்தது. நான் இடது பக்கக் கூட்டைத் தூக்கிப் பார்த்தேன். வலது பக்கக் கூட்டைத் தூக்கினேன். பாசிப்பெட்டியைத் திறந்தேன். பிறகு மரப்பட்டைக்குள் கையை விட்டு மூலை மூலையாகத் தடவினேன். அப்பா பின்னால் குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் நின்றார்.

"அவர் இல்லை, பிள்ளை" என்றார்.

"எங்க?"

"ஆடி மாசம் செத்துப் போனார்."

ஒரு சக ஊழியர் சுகமில்லாமல் வராததால் அன்று அப்பா இரண்டு ஆள் வேலை செய்திருக்கிறார். காலையில் அவசரத்தில் ஸ்டோரனை இறக்க மறந்துவிட்டார். கூரைக்குக் கீழே அறை, பூட்டிய யன்னல், முழு நாள் வெயில். அந்தச் சூட்டில் ஒட்டுநாடா இளகி, சூட்டை அளந்து விளக்கை நிறுத்தும் உணரி கழன்று ஈர மரப்பட்டைக்குள் விழுந்துவிட்டது. பெட்டி குளிராக இருக்கிறதென்று அது எண்ணிக்கொண்டதால் விளக்கு அணையவேயில்லை. ரூபி தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் கிடந்ததாம். "தண்ணியும் சுட்டுக்கொண்டிருந்தது" என்றார். துவாயில் சுற்றி, செத்த பிராணிகளை எடுக்கும் நகரசபை இடத்துக்குப் பேருந்தில் கொண்டுபோயிருக்கிறார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ பிறகு வரமாட்டாய் எண்டு நினைச்சன்."

"நான் வராமல்தானே இருந்தனான், அப்பா."

அவர் கண்ணாடியில் பட்டிருந்த என் விரலடையாளத்தைச் சட்டைக்கையால் துடைத்தார். பிறகு சொன்னார்: "நான் பொய் எழுதேல்லை. சூடு முப்பத்தொண்டுதான். ஒவ்வொரு நாளும் பாத்துத்தான் எழுதினனான்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. பன்னிரண்டு வயதில் எந்தக் கோபத்துக்காக அந்தப் பாம்பைக் கேட்டேனோ, அந்தக் கோபம் இப்போது நியாயமாக வந்திருக்கலாம். தேடிப் பார்த்தேன், இல்லை. மின்கம்பியைப் பிடுங்கி விளக்கை நிறுத்தினேன். "தேத்தண்ணி போடுங்கோ" என்றேன். அவர் போட்டார். குடித்தபின் இருவருமாகப் பெட்டியைக் கழற்றினோம். கண்ணாடியை வெளியே எடுத்து, மரப்பட்டையைப் பைகளில் அள்ளி, பலகைகளின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி. அவர் எடுத்து நீட்டுவார், நான் வாங்கி அடுக்குவேன். அறை பெரிதாகிவிட்டது. அந்த இடத்தில் நிலம் மட்டும் வேறு நிறமாக இருந்தது.

திரும்பும் ரயிலில் அப்பாவின் செய்திகளை மேலே தள்ளிப் பார்த்துக்கொண்டே போனேன். மூன்று வருடம். ஆடியில் ஒரு நாள் மட்டும் செய்தி இல்லை. அது எனக்கு அப்போது தெரியவேயில்லை. அதற்கு அடுத்த நாளிலிருந்து எண்கள் மட்டுமே இருந்தன. 'சாப்பிட்டார்' என்று ஓரிடத்திலும் இல்லை. 'தோல் கழட்டிட்டார்' இல்லை. அவர் சொன்னது சரி, பொய் ஒன்றும் எழுதவில்லை. ஏழு மாதம் நான் அதை வாசித்து நீலக்கோடு போட்டிருக்கிறேன்.

மறுநாள் செய்தி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. எழுதுவதற்கு இனி என்ன இருக்கிறது. புதன்கிழமை வேலை முடிந்து தரிப்பிடத்தில் நின்றபோது அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். என்ன நடந்தது என்று பதறினார். ஒன்றுமில்லை, சும்மா எடுத்தேன் என்றேன். அவருடைய பக்கத்தில் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது. அவருடைய அறையில் ஒரு பெட்டியின் எந்த மூலையில் எத்தனை பாகை சூடு என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவர் எத்தனை மணிக்கு வேலை தொடங்குவார், அந்தச் சமையலறையில் என்ன வேலை செய்வார் என்று தெரியாது. "அங்க என்ன செய்யிறியள்?" என்று கேட்டேன். கிழங்கு உரிக்கும் இயந்திரம் பழுதாம். மூன்று பேர் கத்தியால் உரிக்கிறார்களாம். "எவ்வளவு கிழங்கு?" என்று கேட்டேன். சொன்னார். மற்ற இருவரும் யார், எந்த நாட்டவர்கள் என்று கேட்டேன். அதையும் சொன்னார். பிறகு ட்ராம் வந்துவிட்டது.

இரண்டு வருடமாக ஒவ்வொரு புதனும் எடுக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு போகிறேன். அப்பா மேல் பாசம் பொங்குகிறது என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் அப்படியொன்றும் இல்லை. போகிறேன், கதைக்கிறேன், சாப்பிடுகிறேன், வருகிறேன். எங்கள் ஆட்கள் தொலைபேசியை வைக்கப்போகும்போது 'வேறென்ன' என்று கேட்பார்கள். அது கேள்வியே அல்ல, வைக்கட்டோ என்பதுதான் அதன் பொருள். போன புதன் அப்பாவும் அப்படித்தான் கேட்டார். "வேறென்ன, பிள்ளை?" வழக்கம்போல நானும் ஒன்றுமில்லை என்று வாயெடுத்தேன். ஆனால் அவர் வைக்கும் குரலில் கேட்கவில்லை. கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார்.

அன்று காலை வேலையில் என் மேலதிகாரி எல்லோருக்கும் முன்னால் என்னிடம் கத்தியிருந்தாள். அதை நான் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. அப்பாவுக்குச் சொல்லத் தொடங்கினேன்.