முகூர்த்தப் புடவையும் கந்தகப் புகையும்

எங்கள் வீட்டில் மூட்டைப் பூச்சிக்குப் பயந்தவர் மாமா ஒருவர்தான். மற்றவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது. தறி என்றால் மரம், மரம் என்றால் இடுக்கு, இடுக்கு என்றால் மூட்டைப் பூச்சி என்று அப்பா அதையும் குடும்பத்தில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அத்தையின் கல்யாண வேலைகளுக்கு ஒத்தாசையாக முன்கூட்டியே வந்து இறங்கிய மாமாவுக்கு, தறிக்கூடத்தில் படுத்து எழுந்த முதல் நாளே முதுகெல்லாம் தடித்துவிட்டது.

"இன்னா மச்சான், ஊட்டுக்கு வர்றவங்ககிட்டல்லாம் ரத்த தானம் வாங்கறீங்களா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா தறியிலிருந்து கண்ணை எடுக்காமல், "உன் ரத்தம் புதுசாச்சே, அதான் ஆசப்படுது" என்றார்.

மாமா அம்மாவின் தம்பி. செய்யாத வேலை கிடையாது, நிலைத்த வேலையும் கிடையாது. ஏதோ ஒரு காலத்தில் பட்டு நூலை வெளுக்கும் கொட்டகையில் இருந்தாராம். அங்கே கந்தகத்தை எரித்து அந்தப் புகையில் நூலைத் தொங்கவிடுவார்களாம். அந்தக் கொட்டகையில் ஒரு மூட்டைப் பூச்சியைக்கூடத் தான் பார்த்ததில்லை என்றும், கல்யாணத்துக்கு வரும் சொந்தக்காரர்கள் கடிபட்டுப் போனால் நமக்குத்தான் கேவலம் என்றும் சொல்லி, நாட்டு மருந்துக் கடையிலிருந்து ஒரு பொட்டலம் கந்தகத்தை அன்றைக்கே வாங்கிவந்துவிட்டார்.

அப்பா சம்மதிக்கவில்லை. காரணம் தறியில் இருந்த புடவை.

அதுவரை எங்கள் தறியில் ஏறிய முகூர்த்தப் புடவைகள் எல்லாமே யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவைதாம். அம்மாவின் கல்யாணத்துக்குக்கூடக் கடையில் வாங்கிய சாதாரணப் புடவைதான். தன் தங்கைக்காவது தன் கையால் நெய்து கட்டிவிட வேண்டும் என்று அப்பாவுக்கு ஓர் ஆசை. அரக்குச் சிவப்பு உடல், பச்சைக் கரை, கரை நெடுகச் சரிகையில் அன்னம். அதை நெய்யும்போது மட்டும் அவர் யாரோடும் அதிகம் பேசமாட்டார். கட்டிக்கொள்ளப் போகிறவள் தறியில் நீளவாக்கில் ஏற்றியிருக்கும் பாவு நூலைத் தொடக்கூடாது என்று எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஆகவே அத்தை அந்தத் தறிப் பக்கமே போவதில்லை. தள்ளி உட்கார்ந்து ராட்டையில் ஊடை நூலுக்குத் தார் சுற்றிக்கொண்டிருப்பாள். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி அவளை உட்கார வைத்தது அந்த ராட்டைக்கு முன்னால்தான்.

மாப்பிள்ளை ஆரணிப் பக்கம். முதல் மனைவி தவறிவிட்டார், இரண்டு பிள்ளைகள், நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் வந்துபோனபோது எனக்கு ஒரு கிரிக்கெட் பந்து வாங்கிவந்ததால் எனக்கும் அவர்மீது குறையொன்றும் இல்லை. வயது மட்டும் அப்பாவைவிடக் கொஞ்சம் கூட. ஒரு நாள் குழாயடியில் அத்தை அம்மாவிடம், "எனக்கு இது வேணாம் அண்ணி. அண்ணன்கிட்ட ஒருவாட்டி சொல்லிட்டேன், காதுலயே வாங்கல. நீங்களாவது சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "பாவு ஏத்தியாச்சேம்மா" என்றாள். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கல்யாணப் பெண்கள் என்றால் அழுவார்கள் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அக்காவும் தன் கல்யாணத்தின்போது அழுதார்.

எனக்கு அப்போது வேறு ஒரு பெரிய விஷயம் இருந்தது. பள்ளியில் அறிவியல் டீச்சர் எங்கள் வகுப்பையே பிரமிக்க வைத்திருந்தார். நீண்ட கரண்டியில் துளிக் கந்தகத்தைச் சூடாக்கி ஒரு கண்ணாடிச் சாடிக்குள் இறக்கினார். அது நீலமாக எரிந்தது. உள்ளே வெள்ளையாகப் புகை நிறைந்தது. காய்ந்த நீல லிட்மஸ் தாளை உள்ளே விட்டார், அது நீலமாகவே இருந்தது. தண்ணீரில் நனைத்து விட்டதும் சிவந்துபோனது. கந்தகம், கரி போன்ற அலோகங்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்தால் வருகிற ஆக்சைடு தண்ணீரில் கரையும்போது அமிலமாகும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார். எங்கள் வீட்டில் இந்த மாதிரிப் பாடம் நடத்துகிற வகுப்பு வரைக்கும் பள்ளிக்குப் போன முதல் ஆள் நான்தான். ஆகவே அங்கே படித்ததை வீட்டில் ஒருவருக்காவது சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. கேட்பதற்கு அத்தைதான் இருந்தாள்.

மாமாவின் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தேன். புழக்கடையில் ஓர் ஓட்டுச் சில்லில் வைத்துக் கொளுத்தினேன். அத்தை தலையிலிருந்த பன்னீர் ரோஜாவின் ஓர் இதழை அப்படியே காய்ந்தபடியும், இன்னோர் இதழைத் தண்ணீரில் முக்கியும் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு பெரிய கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தேன். நனைத்த இதழ் மெல்ல மெல்ல வெளுத்தது. மற்றது கொஞ்சமும் மாறவில்லை.

அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். "காஞ்சதுக்கு ஒண்ணும் ஆகாதா?"

"ஆகாது அத்த. புகை மட்டும் இருந்தா பத்தாது. தண்ணியும் சேரணும். அப்பதான் ஆசிட்டு."

"பூவுக்கு மட்டுமா? சாயத்துக்குமா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல மனமில்லாமல், "எல்லாத்துக்கும்தான்" என்றேன். "இன்னொரு வாட்டி செய், பாக்கலாம்" என்றாள். இந்த முறை அவள் ராட்டையடியில் கிடந்த அரக்கு நூல் துணுக்குகளை எடுத்துவந்து வைத்தாள். நனைத்த துணுக்கு மட்டும் வெளுத்தது. எங்கள் வகுப்பில்கூட ஒருவன் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அமாவாசையன்று எங்கள் ஊரில் தறி ஓடாது. அந்த நாளைத்தான் மாமா பிடித்துக்கொண்டார். "பாவுமேல வேட்டிய போத்திடலாம் மச்சான். சாயமெல்லாம் கெட்டி. ஒண்ணியும் ஆகாது, நான் கேரண்டி" என்று அனத்திக்கொண்டே இருந்து, கடைசியில் அப்பாவைச் சம்மதிக்க வைத்தார். பகல் முழுக்க வீட்டில் யாரும் இருக்கக்கூடாது. கதவிடுக்குகளில் ஈரத்துணி அடைக்க வேண்டும். அப்பா கோயிலுக்குப் போனார். அம்மா சமைத்த பாத்திரங்களை என் தலையிலும் தன் இடுப்பிலுமாக ஏற்றிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்கு நடந்தாள். மாமா மண்சட்டியில் கந்தகத்தைக் கொளுத்தத் தயாராக வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அத்தை ஒரு வாளித் தண்ணீரில் பழந்துணிகளை நனைத்துக்கொண்டிருந்தாள். "நான் எல்லாத்தையும் அடைச்சிட்டு வர்றேன்" என்றாள்.

சாயங்காலம் கதவைத் திறந்தபோது தெருவே இருமியது. மாமா தறிக்குழிக்குள் எட்டிப் பார்த்துக் கைதட்டினார். "பாருங்க மச்சான், கூண்டோட கைலாசம்!" செத்த பூச்சிகளை அவர் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தபோதுதான் அப்பா பாவின்மேல் இருந்த வேட்டியை எடுத்தார். அதற்குக் கீழே இன்னொரு துணி இருந்தது. மொடமொடவென்று காய்ந்து கிடந்தது. அதையும் எடுத்தார்.

அரக்கு வெளுத்துப் போயிருந்தது. துணி கிடந்த அளவுக்கு, அடித்து வைத்த மாதிரி நேர்க்கோட்டில், ஒரு சோகையான இளஞ்சிவப்பு. சரிகை மங்கிக் கறுத்திருந்தது. கோட்டுக்கு வெளியே அதே அரக்கு, அதே பச்சை, அன்னம் தலைநிமிர்ந்து நின்றது.

மாமா துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "என்ன செருப்பால அடிங்க மச்சான்."

அப்பா அடிக்கவில்லை. அடிக்கிறவர் மாதிரி மூச்சு வாங்கினார். "வெளுக்கறதுக்குப் போடற புகைன்னு உன் வாயாலதானேடா சொன்ன? எந்த நேரத்துல இந்த ஊட்டுக்குள்ள வந்து..." என்று ஆரம்பித்தார். அம்மாவின் முகம் செத்துவிட்டது. அந்த வாக்கியம் முடிந்திருந்தால் மாமா அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார், திரும்பியும் வந்திருக்கமாட்டார்.

நான்தான் குறுக்கே புகுந்தேன். மாமாவைக் காப்பாற்ற வேண்டும் என்றுகூட இல்லை. என் பாடம் கண்ணெதிரே தறியில் விரிந்து கிடந்தது, பேசாமல் இருக்க முடியவில்லை.

"மாமா மேல தப்பு இல்லப்பா. காஞ்ச எடத்துல ஒண்ணுமே ஆகல பாருங்க! கந்தகம் அலோகம். எரிஞ்சா சல்பர் டை ஆக்சைடு. அது தண்ணில கரைஞ்சாதான் அமிலம். ஈரத்துணி இருந்த எடத்துலதான் போயிருக்குது. ஈரத்துணி போடலன்னா போயிருக்காது!"

மாமா என்னைத் தெய்வத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அப்பா அந்த நேர்க்கோட்டை விரலால் தடவினார். பிறகு நிமிர்ந்து, "ஈரத்துணிய யார் போட்டது?" என்றார்.

 அத்தை கதவுக்குப் பக்கத்தில், கையில் வாளியோடு நின்றிருந்தாள். வாளியின் கைப்பிடி கிறீச் கிறீச்சென்று ஆடியது.

"நான்தான்" என்றாள் அம்மா.

அப்பா திரும்பினார்.

"நான்தாங்க போட்டேன். வெயில்ல பாவு காஞ்சி இழை அறுந்துடப் போவுதேன்னு..."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா என்னோடு பாத்திரம் தூக்கிக்கொண்டு வந்தாளே! அப்போது பாவின்மேல் வேட்டிகூட இல்லையே! நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், அம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "இங்க நின்னு வியாக்கியானம் பண்ணிக்கினு இருக்காத. போ, பெரியம்மா ஊட்டுல டிபன் கேரியர் இருக்குது, எடுத்துக்கினு வா."

போகிற வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். இவ்வளவு தெளிவாக ஒரு பாடத்தை நிரூபித்திருக்கிறேன், அதில் ஒரு தப்பான தகவலைச் சேர்த்துவிட்டாளே என்று.

நான் திரும்பி வந்தபோது அப்பா தறிக்குழியில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். அம்மாவைத் திட்டவில்லை. சின்ன விஷயத்துக்கெல்லாம் திட்டுகிறவர் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நெடுநேரம் அத்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அத்தை குனிந்த தலை நிமிரவில்லை. அப்புறம் போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். ஆரணிக்காரர்களிடம் பேசுவது கேட்டது. முகூர்த்தப் புடவையே தறியில் கெட்டுவிட்டது, மனசுக்குச் சரியாகப் படவில்லை, பெரியவர்கள் மன்னிக்க வேண்டும், பிள்ளைகளுக்கு ஏற்ற இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். சகுனம் என்றால் சிரிக்கிற மனிதர் அவர். பூனை குறுக்கே போனால் அதற்கு வழிவிட்டு நின்று, "போ தாயே, உனக்கும் அவசரமா?" என்பார்.

தறி வேலை தெரிந்த எவருக்கும் ஒன்று தெரியும். கோடையில் தறிக்குழியைச் சுற்றித் தண்ணீர் தெளிப்பார்கள். ஜன்னலில் ஈரச்சாக்கைத் தொங்கவிடுவார்கள். ஆனால் சரிகை ஓடும் பாவின்மேல் ஈரத்துணியை மட்டும் யாரும் போடமாட்டார்கள். தறி வீட்டில் பிறந்து தறி வீட்டில் வாழ்க்கைப்பட்ட அம்மா போட்டதாகச் சொன்னதை, நெசவுக்காரரான அப்பா ஒரு நிமிடம்கூட நம்பியிருக்க முடியாது. ஆனாலும், சரி என்று எடுத்துக்கொண்டார். மறுநாள் அந்தப் புடவையைத் தானே தறியிலிருந்து அறுத்தார். முனையைப் பிடித்துக்கொள்ள அத்தையைக் கூப்பிட்டார்.

இதெல்லாம் கல்லூரியில் வேதியியல் படிக்கப்போன பிறகு, விடுதி அறையில் ஒரு மத்தியானம், சம்பந்தமே இல்லாமல் எனக்கு உறைத்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் புகையும் ஈரமும்தான். அவை இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அந்தக் கூடத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

சில வருடங்கள் கழித்து அத்தை தனக்குப் பிடித்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அப்பா மறுபடியும் அரக்கில்தான் நெய்தார். அது பிறகு. அந்த அமாவாசைக்கு அடுத்து எனக்கு அறிவியல் பரீட்சை வந்தது. அலோக ஆக்சைடுகளைப் பற்றிய கேள்விக்கு முழு மதிப்பெண். விடைத்தாளை அத்தையிடம் காட்டினேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய், பேனா வைத்துக்கொள்ள ஒரு சின்னப் பை தைத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். வெளுத்த இளஞ்சிவப்புப் பட்டு, ஓரத்தில் கறுத்த சரிகையில் பாதி அன்னம்.

"உன் பாடத்துக்கு" என்று சொல்லி என் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். கண் கலங்கியிருந்தது.

வகுப்பில் எல்லோரிடமும் அதைக் காட்டினேன். நான் வாங்கிய மதிப்பெண்ணுக்கு அத்தை கொடுத்த பரிசு என்று.