குழாயாகச் சுருண்ட என் அறிவிப்பு

தாயில்பட்டிப் பள்ளியில் நான் ஆசிரியை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள். பட்டாசுக் கம்பெனியில் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்களின் மனைவி, பிள்ளைகளுக்கும் இனி இலவச வைத்தியம் உண்டு என்று பெற்றோருக்குத் தெரிவிக்கச் சொன்னார் தலைமையாசிரியர். என் அழகான கையெழுத்தில் அறிவிப்பு எழுதி, பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினேன்.

மறுவாரம் ஒன்றாம் வகுப்புச் செல்வி வரவில்லை. வீட்டுக்குப் போனேன். காய்ச்சலில் மூச்சு வாங்கப் படுத்திருந்தாள். பக்கத்தில் அவள் தாய் பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தக் குவியலில் என் கையெழுத்து தெரிந்தது.

"கெட்டித் தாளு டீச்சர். இன்னும் இருந்தா குடுத்துவிடுங்க" என்றார்.

"அதுல என்ன எழுதியிருக்குன்னு யாருட்டயும் கேட்டீகளா?"

"எனக்கெங்க படிக்கத் தெரியும்? யாருட்ட கேக்க? எழுதுன நீங்களே இப்பத்தான இங்கன வாரீக."

எனக்குச் சுருக்கென்றது. விஷயத்தைச் சொன்னேன்.

"அவுக அட்டைக்குப் பிள்ளையவும் பாப்பாகளா?" என்றபடி பெட்டியைத் திறந்து கணவரின் அட்டையை எடுத்தார். உடனே காப்பீட்டு மருத்துவமனைக்குப் போனோம். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஆபத்து என்றார் டாக்டர். செல்வி பிழைத்துக்கொண்டாள்.

இப்போது எந்த அறிவிப்பையும் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறேன். வீட்டில் சொன்னதும் அம்மா என்ன கேட்டார் என்று மறுநாள் ஒவ்வொருவரும் எனக்குச் சொல்ல வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லும் பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலையே நான் போகிறேன்.