அம்மா ஏசிய அம்மன்

நேற்றுக் கல்லடிக் கடற்கரையில் மீன் வாங்க நின்றேன். பாரைமீன் வாடை, வெயில், ஈ. பின்னாலிருந்து ஒருத்தி, “என்ன கா, காது அடைச்சிட்டா உனக்கு? எவ்வளவு நேரமாக் கூப்பிடுறன்!” என்று மீன்காரியை ஏசினாள். திடுக்கிட்டுத் திரும்பினேன். அம்மா செத்துப் பல வருடமாகிறது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அம்மா அந்தக் குரலில் ஏசியது மனிதரை அல்ல, அம்மனை. உங்களுக்குச் சிரிப்பு வரும். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஓலைக்கூரை போட்ட சின்னக் கோயில். தம்பிக்குக் காய்ச்சல் என்றால் அம்மா நேரே அங்கே போய், இடுப்பில் கைவைத்து நிற்பார்.

“பொங்கல் எண்டா முன்னுக்கு வந்து குந்திக்கிறாய். பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டா ஒளிச்சிக்கிறயா?”

“மெல்லக் கா, அம்மன் பயந்திருவா” என்பார் பூசாரி.

நானோ எதற்கும் பயப்படுகிற ஆள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் சோதனை எழுதப் பயந்துதான். அம்மாவின் பின்னால் நின்று, ‘இவ சொல்றதக் கணக்கெடுக்காத தாயே’ என்று மனதுக்குள் கும்பிடுவேன்.

சுனாமி கோயிலைக் கொண்டுபோனது. தம்பி அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியதால் நாங்கள் தப்பினோம். தண்ணீர் வடிந்தபின் போய்ப் பார்த்தால் சீமெந்துத் தரை மட்டும். அம்மா அதன் நடுவில் நின்று, “உன்னையே காப்பாத்தத் தெரியாதவ, எங்களக் காப்பாத்த வந்தியா?” என்று கத்திக் கத்தி அழுதார்.

“விடுங்க அம்மா, அவவும் நம்மளப் போல அகதிதான்” என்றான் தம்பி. அழுகைக்குள்ளேயே அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தத் தம்பிதான் பிறகு லொறி ஓட்ட வன்னிக்குப் போனான். சண்டை மூண்டு பாதையைப் பூட்டினார்கள். சண்டை முடிகிற மாதங்களில் அவனுடைய சேதி நின்றுபோயிற்று.

அம்மா கோயிலுக்குப் புறப்பட்டார். அதற்குள் அதைக் கல்லால் கட்டியிருந்தார்கள். இன்றைக்கு அம்மன் பாடு அவ்வளவுதான் என்று நானும் பின்னால் போனேன். அம்மா இடுப்பில் கை வைக்கவில்லை. அரசாங்கக் கந்தோரில் பெரிய அதிகாரி முன்னால் நிற்பதுபோல ஒதுங்கி நின்று, “தாயே, எத்தின பேர்ட பிள்ளைகளப் பாக்க இருக்கும் உங்களுக்கு. நேரம் கிடைச்சா எங்கட சின்னவனையும் ஒருக்காப் பாருங்க” என்றார்.

ஒரு சொல்லாவது ஏசுங்க அம்மா என்று, அன்றைக்கு நான் அதைத்தான் வேண்டினேன்.

தம்பி வரவில்லை. அம்மா சாகும்வரை அந்தத் தாழ்ந்த குரலில்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

நேற்று வரும் வழியில் கோயில் வாசலில் நின்றேன். மீன் பையோடு உள்ளே போக முடியாதே. பளபளவென்று மாபிள் தரை, ஒலிபெருக்கி. சனம் வரிசையாக, அடக்கமாகக் கும்பிட்டது. இடுப்பில் கைவைத்து நிற்க அங்கே ஒருவரும் இல்லை.