இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி

என் தம்பியை நான் கடைசியாகத் திட்டியது ஒரு கம்பைலருக்காக. வெளியில் சொன்னால் யாருக்கும் விளங்காது. என் வீட்டுக்காரருக்கே இன்னும் விளங்கவில்லை. "ஒரு ப்ரோக்ராமுக்காகவா அக்காளும் தம்பியும் பேசாம இருந்தீங்க?" என்கிறார். ஆமாம், அதற்காகத்தான்.

நான் தஞ்சாவூரில் வீட்டிலிருந்தபடியே கேம் எழுதுகிறவள். சி மொழியில். அந்த வருஷம் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. கேமுக்குள்ளேயே ஒரு குட்டி மொழி இருக்க வேண்டும். கதை எழுதுகிற ஆள் சி பக்கமே வரக் கூடாது. "மடையைத் திற", "காத்திரு", "சொல்" என்று தமிழில் எழுதிக்கொண்டு போனால் போதும். என் கம்பைலர் அதைச் சின்னச் சின்னக் கட்டளைகளாக நறுக்கிக் கொடுக்கும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டுவதற்கு, நிஜத்தில் இல்லாத ஒரு மெஷின். இரண்டும் கேமுக்குள்ளேயே குடியிருக்கும். "சும்மா கிடைக்கிற மொழி எத்தனையோ இருக்கே, நீ எதுக்கு மெனக்கெடுற?" என்று கேட்டவர்களிடம் எல்லாம் சண்டைக்குப் போனேன். எனக்கு என்னுடையதுதான் வேண்டும். என் புத்தி அப்படி.

அந்த மொழியில் எழுத உலகத்திலேயே ஒரே ஆள்தான் கிடைத்தான். என் தம்பி. பி.எஸ்சி. முடித்துவிட்டுப் பேராவூரணிப் பக்கம் எங்கள் நிலத்தோடு நின்றுவிட்டவன். கல்லணைக் கால்வாயின் கடைமடை அது. மேலே இருக்கிற வயல்களெல்லாம் குடித்து மிச்சம் இருந்தால்தான் எங்களுக்கு. என் பழைய லேப்டாப்பைத் தென்னந்தோப்பு மோட்டார் கொட்டகையில் வைத்துக்கொண்டு அவன் எழுதிய கதையும் அதுதான். முறை வைத்துத் தண்ணீர் விடுகிற ஓர் ஆள், தலைமடையில் தொடங்கி வயல் வயலாக மடையைத் திறந்துகொண்டே நடந்து வருகிறார். நாற்பத்தைந்து வயல். ஒவ்வொரு வயல்காரருக்கும் ஒரு பேச்சு, ஒரு நக்கல். படிக்கும்போதே எனக்குச் சிரிப்பு தாங்காது.

ஆனால் ஓட்டினால், கடைசி வயலுக்கு வருவதற்குள் கேம் செத்துப்போகும். ஒவ்வொரு தடவையும். திரையில் செய்தி வரும்: "வரி 212: இல்லாத பொருளைக் கேட்கிறாய்." அந்த வாசகத்தை எழுதியவள் நான்தான். என் மெஷினுக்கு அவன் எழுதிய கதையின், அதாவது ஸ்கிரிப்ட்டின், வரியைத்தான் காட்டத் தெரியும், தன்னுடைய தப்பைச் சொல்லத் தெரியாது. என்னைப் போலத்தான்.

கார்த்திகை மாதம் அது. போனில் சொன்னான்: "அக்கா, அந்த வரிய நான் நாலு தடவை படிச்சுப் பாத்துட்டேன். நான் எழுதினது சரியாத்தான் இருக்கு. கடைமடைக்குத் தண்ணி வரலன்னா நாங்க வயலத் திட்ட மாட்டோம். வாய்க்கால் ஓரமா மேல நடந்து போய்ப் பாப்போம். நீயும் ஒருக்கா மேல போய்ப் பாரேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நான் ராப்பகலாக உட்கார்ந்து கட்டிய மெஷினை இவன் குறை சொல்வதா? "நாலு வரி எழுதத் தெரிஞ்சதும் என் கம்பைலர்லயே தப்புங்கிறியா? நான் சோதிச்சுப் பாக்காம குடுப்பேனா? உனக்கு இதெல்லாம் ஆகாது. போய் வரப்பு வெட்டுற வேலையப் பாரு" என்றேன்.

என்ன திட்டினாலும் சிரிக்கிறவன் அவன். அன்றைக்குச் சிரிக்கவில்லை. "சரிக்கா" என்று வைத்துவிட்டான். அதற்கப்புறம் நானும் கூப்பிடவில்லை, அவனும் கூப்பிடவில்லை.

பொங்கலுக்குச் சீர் கொண்டுவந்தான். எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வந்தாக வேண்டும். அப்பா போனதிலிருந்து அவன்தான் கொண்டுவருவான். கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், பூசணிக்காய். வாசலில் பைக் சத்தம் கேட்டதுமே தெரிந்துவிட்டது. நான் உள் அறையில் லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன். "அக்கா இல்லீங்களா மச்சான்?" என்று கேட்டான். "வேலையா இருக்காப்பா" என்றார் இவர். கதவு சாத்தக்கூட இல்லை. என் முதுகு அவனுக்குத் தெரிந்திருக்கும். சீரை ஒவ்வொன்றாக வாசலில் இறக்கி வைத்தான். "பரவால்ல, சொல்லிருங்க" என்று போய்விட்டான். பாவி நான், எழுந்து போய் "ஒரு வாய் காப்பி குடிடா" என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

மாசியில் அறுப்பு. ரோட்டில் நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள், எல்லா ஊரிலும் போடுவதுதான், அவனும் போடுவான். அதன் மேல் அவன் பைக் வழுக்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அவனைக் குளிப்பாட்டும்போது சட்டைப் பையிலிருந்து நெல் கொட்டியது. அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத என்னால் முடியாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, ஒரு மாதம் போல ஆகியிருக்கும். வேறு வேலை ஓடவில்லை, அந்தக் கேமைத் திறந்தேன். நானே புதிதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன், நீளமாக. ஓட்டினேன். "இல்லாத பொருளைக் கேட்கிறாய்" என்றது.

அந்த வரியில் தப்பே இல்லை. எழுதியது நான் அல்லவா, எனக்குத் தெரியாதா? அப்போதுதான் அவன் சொன்னதுபோல மேலே நடந்தேன். ஸ்கிரிப்ட்டிலிருந்து கம்பைலருக்கு, கம்பைலரிலிருந்து மெஷினுக்கு. என் மெஷினில் ஒரு துப்புரவுக்காரன் உண்டு, அதுவும் நான் எழுதிய ப்ரோக்ராம்தான். நினைவகம் நிரம்பினால் வருவான். யாரும் பிடித்துக்கொண்டிருக்காத பொருளையெல்லாம் பெருக்கித் தள்ளிவிடுவான். இரண்டு வாசகங்களை ஒட்டவைக்க நான் சி மொழியில் எழுதிய சின்ன ப்ரோக்ராம் துண்டு, புதிதாகச் செய்த வாசகத்தைக் கையில் வைத்திருந்தும் "இது என்னிடம் இருக்கிறது" என்று அவனுக்குச் சொல்லவில்லை. அவனும் எடுத்துப் போட்டுவிட்டான். சின்ன ஸ்கிரிப்ட்டில் நினைவகம் நிரம்பாது, அவன் வரவே மாட்டான். நான் சோதித்ததெல்லாம் சின்னது. தலைமடையிலேயே நின்று தண்ணீர் நன்றாக வருகிறதே என்று பார்த்திருக்கிறேன். கடைமடை வரைக்கும் எழுதியவன் என் தம்பி ஒருவன்தான்.

சரிசெய்ய இரண்டு வரி. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பிறகு அவனுடைய ஸ்கிரிப்ட்டை ஓட்டினேன். மத்தியானம், வீட்டில் யாரும் இல்லை. தண்ணீர் விடுகிற ஆள் நடந்து வந்தார். நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்து நான்கு. கேம் சாகவில்லை. 212-க்கு அப்புறம் அவன் என்ன எழுதியிருந்தான் என்று நான் ஒரு நாளும் படித்ததில்லை; தப்பு காட்டுகிற வரியோடு நிறுத்திக்கொள்வது என் பழக்கம். நாற்பத்தைந்தாவது வயலில், இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். அந்த ஆள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி வந்துருச்சுக்கா. லேட்டாயிருச்சு, கோவிச்சுக்காத."

கீழே, விளையாடுகிறவர் தேர்ந்தெடுக்க இரண்டு பதில் வைத்திருந்தான். ஒன்று, "பரவாயில்லப்பா." இன்னொன்று, "நல்லா நாலு திட்டு திட்டப்போறேன்."

படுவா. சண்டைக்கு முன்னாலேயே எழுதிவைத்திருக்கிறான். நான் எதைத் தொடுவேன் என்று அவனுக்குத் தெரியாதா? இரண்டாவதைத் தொட்டேன்.

"திட்டுக்கா, நல்லாத் திட்டு. நீ பேசாம இருந்தாத்தான் எனக்கு என்னமோ மாதிரி இருக்கும்" என்றார் அந்த ஆள். வயலில் தண்ணீர் ஏறியது. ஸ்கிரிப்ட் முடிந்தது.

பொங்கலன்றைக்கு அவன் வாசலில் நின்றபோது நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.