கடலுக்குப் போகாதவன் பங்கு

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் குப்பத்தில் மாமா வீட்டு டிவிக்கு முன்னால் மாமா இருந்தார், அத்தை இருந்தார், என் அம்மா இருந்தார், மாமாவோடு ஒரே படகில் கடலுக்குப் போகிற மூன்று பேரும் குடும்பத்தோடு இருந்தார்கள். உள்ளே இடம் போதாமல் ஜன்னலுக்கு வெளியே பாதித் தெரு நின்றதாம். நிகழ்ச்சியின் நாயகன், மாமாவின் ஆறு வயது மகன், டிவியை ஒட்டி நின்றுகொண்டு, “இப்ப நான் வருவேன் பாரு” என்று எல்லோரையும் மிரட்டிக்கொண்டிருந்தானாம். இல்லாதவர்கள் இரண்டு பேர். என் அப்பா கேரளாவில் விசைப்படகில் வேலையில் இருந்தார். நான் சிதம்பரம் கீழ வீதியில் ஒரு மெஸ்ஸில், இலைக்கு முன்னால் சாம்பாருக்காகக் காத்திருந்தேன். “வந்துர்றா, ஒண்ணா பாப்போம்” என்று சென்னைக்குப் படப்பிடிப்புக்குப் போகுமுன்பே மாமா போனில் கூப்பிட்டிருந்தார். பரீட்சை இருக்கிறது என்றேன். பரீட்சை இருந்தது உண்மைதான். ஆனால் பஸ் ஏறினால் புதுச்சத்திரம் தாண்டி ஒரு தூக்கம் போடுவதற்குள் கடலூர் வந்துவிடும் என்பதும் உண்மைதான்.

மாமா என் அம்மாவின் தம்பி. கல்யாணமாகிப் பத்து வருடம் அவருக்குக் குழந்தை இல்லை. அந்தப் பத்து வருடமும் அவருக்குப் பிள்ளையாக இருந்தவன் நான். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் எழுதப் படிக்கக் கற்றதில்லை. நான் ஆறாம் வகுப்புக்குக் கடலூர் முதுநகர் பள்ளிக்கூடத்துக்குப் போன வருடம் மாமா ஒரு காரியம் செய்தார். கரையில் மீன் ஏலம் முடிந்து, டீசல் செலவு போக மீதியை ஆளுக்கொரு பங்காகப் பிரிப்பார்கள். தன் பங்கை வாங்கியதும் அதிலிருந்து ஒரு பகுதியைத் தனியாகப் பிரித்து, “இது படிக்கிறவன் பங்கு” என்று என் சட்டைப் பையில் வைத்தார். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. மீன் நிறைய விழுந்தால் பை கனக்கும். விழாவிட்டால் வெறும் பை. எங்கள் பக்கத்தில் வலையில் விழுந்த மீனைப் பாடு என்போம். ‘இன்னைக்கு பாடு எப்பிடி?’ என்பதுதான் கரையில் முதல் கேள்வி. கூடப் போகிற ஆட்கள், “கடலுக்கு வராமலே பங்கு வாங்குறான்யா ஒரு ஆளு” என்று கேலி செய்வார்கள். சீருடையோடு நிற்கும் என்னிடம், “என்னா மாப்ள, இன்னைக்குத் தண்ணி எந்தப் பக்கம் இழுத்துச்சி?” என்பார்கள். நானும் பெரிய மனுஷனாட்டம், “வாடைப் பக்கம்” என்பேன். அந்தப் படகில் நானும் ஒரு ஆள். அந்தக் காசில் நோட்டு வாங்கினேன், பஸ் பாஸ் வாங்கினேன். ஆனால் காசு எனக்குப் பெரிதாகப் பட்டதில்லை. பாடு இல்லாத நாளில் எனக்கும் ஒன்றுமில்லை என்பதுதான் பெரிதாகப் பட்டது.

பதினோராம் வகுப்பில் இருந்தபோது மாமாவுக்கு மகன் பிறந்தான். ஊரே சந்தோஷப்பட்டது. பங்கு இனி அவனுக்குப் போய்விடும் என்று நான் பயந்தேன். போகவில்லை. தொட்டிலில் அவன் கத்திக்கொண்டிருக்க, மாமா அதே கையால் என் பையில் வைத்தார். முறைப்படி அவன் எனக்கு மச்சான். பேச்சு வந்ததும் அவனும் என்னை மச்சான் என்றே கூப்பிட்டான். மூக்கு ஒழுகிக்கொண்டு, கால்சட்டையைப் பிடித்தபடி, “மச்சான், ஒரு பத்து ரூபா இருக்கா?” என்று அவன் கேட்கும்போது சிரிக்காதவர் கிடையாது. நானும் சிரித்தேன், ஒரு பல் குறைவாக.

சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து தங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். பீஸ் கட்டியாகிவிட்டதா என்று ஆசிரியர் நடுவில் கேட்டார். “மாமாதான் சார் கட்டணும். பாடு இருந்தா இந்த வாரம் கட்டிடுவேன்” என்றேன். பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “அப்ப பாடுறா, பாப்போம்!” வகுப்பு முழுக்கச் சிரித்தது. ஆசிரியரும் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். அந்த வருடம் முழுக்க எனக்குப் பெயர் பாடகர். மெஸ்ஸில் தட்டோடு நின்றால், “பாடகருக்கு ரெண்டு இட்லி” என்பார்கள். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை என் வாயிலிருந்து எடுத்துவிட்டேன். ‘மாமா மீனவர்’ என்று சொல்லப் பழகினேன். அச்சில் இருக்கிற தமிழாகவே பேசினேன். ஊரில் பேசும்போதும் அது மெதுவாக ஒட்டிக்கொண்டது.

பட்டம் வாங்கி அங்கேயே மேற்படிப்பில் இருக்கும்போதுதான் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கேள்வி கேட்டுச் சிரிக்க வைக்கும் அந்த டிவி நிகழ்ச்சிக்கு, சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னார்கள். மாமா எனக்குப் போன் செய்தார். “நீதான்டா படிச்சவன். அவனுக்கு என்னா பேசணும், ஏது பேசணும்னு சொல்லிக் குடுத்து நீயே கூட்டிக்கினு போ.” எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தச் சனிக்கிழமையே ஊருக்குப் போய் அவனை எதிரே உட்கார வைத்தேன்.

“அப்பா என்ன செய்றாருன்னு கேட்டா, எங்க அப்பா மீனவர்னு சொல்லணும்.”

“மீனவரா? அது யாரு?”

“உங்கப்பாதான்டா.”

“எங்கப்பா பேரு அது இல்ல மச்சான்.”

லட்சியம் என்ன என்றால் கலெக்டர் என்று சொல்லச் சொன்னேன். சரி என்றான். கடைசியாக, “பாடுன்னு மட்டும் சொல்லிடாத” என்றேன்.

“ஏன்?”

“சிரிப்பாங்க.”

“அது சிரிப்பு டிவிதான மச்சான்?” என்றான். அவன் நன்மைக்காகத்தான் சொன்னேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மண்டபத்தில் கோட்டு சூட்டுப் போட்ட பையன்கள், சலங்கை கட்டிய பெண் குழந்தைகள், அவர்கள் காதில் கடைசி நிமிடப் பாடம் ஊதும் தாய்மார்கள். அறைக்குள் அவனை மட்டும் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். வெளியே வந்தவன் கையில் ஒரு சாக்லேட் இருந்தது. தேர்வாகிவிட்டான். படப்பிடிப்புக்குச் சென்னைக்குப் போகும்போது நானும் போவேன் என்று புதுச் சட்டை ஒன்றை இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். “கூட ரெண்டு பேருக்குத்தான் பாஸாம்டா” என்றார் மாமா. மாமாவும் அத்தையும் போனார்கள். சரிதான், பெற்றவர்கள்தானே. சட்டை அப்படியே மடிப்புக் கலையாமல் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கீழ வீதி மெஸ்ஸில் எல்லா மேசையும் நிறைந்திருந்த நேரம் அவன் டிவியில் வந்தான். கால் தரையில் எட்டாத நாற்காலி. எதிரே தொகுப்பாளர்.

“உங்க அப்பா என்ன பண்றாரு?”

“கடலுக்குப் போவாரு.”

“போயி?”

“பாடு கெடச்சா கொண்டாருவாரு.”

“பாடுவாரா? கடல்லயா? யாருக்கு, மீனுக்கா?”

அவன் தொகுப்பாளரை இரக்கத்தோடு பார்த்தான். “பாடுன்னா தெரியாதா ஒனக்கு? மீனுய்யா அது!”

அரங்கமே சிரித்தது. மெஸ்ஸும் சிரித்தது. சாம்பார் வாளியோடு வந்தவர் என் இலைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். “சரி, அப்பா வீட்லயாவது பாடுவாரா?” என்றார் தொகுப்பாளர். “பாட மாட்டாரு. கத்துவாரு. அம்மா அவுர விட ஜாஸ்தியா கத்தும்.” மாமாவையும் அத்தையையும் காட்டினார்கள். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். அப்படி வாய்விட்டு அவர் சிரித்து நான் பார்த்தது என் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றுதான்.

அவன் விடவில்லை. “பாடுன்னு சொல்லக் கூடாதுன்னு மச்சான் சொல்லிச்சி.”

“மச்சானா! ஒனக்கா? அவரு ஏன் அப்பிடிச் சொன்னாரு?”

“சிரிப்பாங்களாம். அது சிதம்பரத்துல படிக்கிது. அதுக்கு வெக்கம்.” அரங்கத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “சிரிக்கிறாங்கதான்” என்றான்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. மறுபடி மாமாவைக் காட்டினார்கள். அவர் கை தட்டவில்லை. சிரிப்பு பாதியில் நின்ற முகம். அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. கல்லாவில் இருந்த மெஸ்காரம்மா, “யாரு பெத்த புள்ளையோ, என்னா அழகாப் பேசுது பாருங்க” என்றார். அவன் என் மச்சான் என்று சொல்லாமல் சாம்பாருக்கு இலையைக் காட்டினேன். அதே சொல். அதே சிரிப்பு. பதினேழு வயதில் ஒரு வகுப்பறையில் என்னைக் குனிய வைத்த அதே சிரிப்பு அவனை நாற்காலியோடு மேலே தூக்கிவிட்டது. ஆறு வயதில் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். அப்போது எனக்கு யாரும் மைக் நீட்டவில்லை.

ஊரில் அவன் ‘பாடு தம்பி’ ஆகிவிட்டான். முதுநகர் மார்க்கெட்டில் மீன் விற்கும் பெண்கள் அவன் கன்னத்தைக் கிள்ளினார்கள். குப்பத்து முனையில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அவன் முகம் ஆள் உயரத்துக்கு. கீழே சொந்தக்காரர்களின் வட்ட வட்டப் படங்களில் கடைசி வட்டத்தில் நான். குடும்பத்தின் முதல் பட்டதாரியாக நான் ஆன வருடம் அந்த முனையில் எந்த ஃப்ளெக்ஸும் இல்லை. நானே கூச்சப்பட்டு வேண்டாம் என்றிருப்பேன். ஆனால் வேண்டாம் என்று சொல்லும்படியாக யாரும் கேட்கவில்லை.

பரீட்சை முடிந்து ஊருக்குப் போன அன்று நேராகக் கரைக்குப் போனேன். ஏலம் முடிந்து பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு நல்ல பாடு. மாமா என்னைப் பார்த்ததும், “வாப்பா, சாப்ட்டியா?” என்றார். வாடா இல்லை. கூட இருந்தவர்களில் ஒருவர், “என்னா மாப்ள, தண்ணி...” என்று ஆரம்பித்து, மாமாவைப் பார்த்துவிட்டு வலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமா தன் பங்கை எண்ணி வாங்கினார். அதிலிருந்து ஒரு பகுதியைப் பிரித்தார். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. மாமா குனிந்து, பக்கத்தில் ஈர மணலில் நின்ற மகனின் சின்னப் பையில் அதை வைத்தார். “ஒன் பங்குடா” என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் என்னிடம் பேசினார். குரலில் கோபமே இல்லை. “பா...” என்று ஆரம்பித்து விழுங்கினார். “மீனு கெடச்சாதான் காசுன்னு நீ எதுக்குப்பா காத்துக்கினு இருக்கணும்? இனிமே மாசாமாசம் போன்லயே போட்டு வுட்டுடுறேன். படிக்கிற புள்ளைக்கு ஒரு கணக்கா இருக்கட்டும்.” வேண்டாம் மாமா, பழையபடியே இருக்கட்டும் என்று சொல்ல நினைத்தேன். பழையபடி என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சொல் பாடுதான். அதை அவர் முன்னால் உச்சரித்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. சரி மாமா என்றேன். முன்னால் ஓடிய அவன் திரும்பிப் பார்த்து, “மச்சான், இன்னைக்குப் பாட்டுல எனக்கும் பங்கு!” என்று பையைத் தட்டிக் காட்டினான்.

அதிலிருந்து ஒன்றாம் தேதிதோறும் மாமாவின் பணம் போனில் வருகிறது. பாடு நன்றாக இருந்த மாதங்களில்கூட முன்பு எனக்கு இவ்வளவு வந்ததில்லை. போன மாதம் முழுக்கக் காற்று. படகுகளைக் கரையேற்றிக் கட்டிப் போட்டிருக்கிறார்கள், ஒருவரும் கடலுக்குப் போகவில்லை என்று அம்மா சொன்னார். மாமா வீட்டில் கடன் சொல்லி அரிசி வாங்குகிறார்களாம். ஒன்றாம் தேதி காலை வகுப்புக்குக் கிளம்பும்போது போனில் செய்தி வந்தது. ரூபாய் இரண்டாயிரம்.