ஆகட்டுங்க

என் ஆராய்ச்சியில் உருப்படியாகக் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று. அதையும் கண்டுபிடித்தது என் மனைவி.

வாரநாளில் கோவையில் ஒரு கல்லூரியில் பாடம் எடுப்பேன். ஞாயிறுகளில் கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்புகளுக்குப் போய், சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மாறுவீர்களா என்று விவசாயிகளைக் கேட்டுப் படிவத்தில் குறித்து வருவேன். அதுதான் முனைவர் பட்ட ஆய்வு. மகளைப் பள்ளிக்கு அனுப்புவதிலிருந்து துணி மடிப்பதுவரை மற்றதெல்லாம் மனைவி தலையில். அவளுக்கும் ஒரு வங்கியில் வேலை உண்டு என்பதை வசதியாக மறந்திருந்தேன்.

ஏறக்குறைய எல்லா விவசாயிகளும் மாறுவதாகச் சொல்லியிருந்தார்கள். கடைசிக் கால நீட்டிப்பும் வாங்கியாயிற்று. மூன்று வாரத்தில் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. நான் ஒற்றை விரலில் தட்டுகிறவன் என்பதால், படிவங்களை அவள்தான் கணினியில் ஏற்றினாள். பாதியில் நிறுத்தினாள்.

“ஏனுங்க, இவங்க வாயில என்னன்னு சொன்னாங்க?”

“ஆகட்டுங்க, பாக்கலாம்னாங்க. அதான் ‘ஆம்’னு டிக் போட்டேன்.”

“அடுப்பத் தொடச்சுப்போடுங்கன்னு போன மாசம் சொன்னனே, நீங்க என்ன சொன்னீங்க?”

“ஆகட்டும்னேன்.”

“தொடச்சீங்களா?”

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்காமலே சிரித்தாள்.

முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது. அதற்கென்று இருப்பதுதான் இந்த ‘ஆகட்டுங்க’. வீட்டில் தினமும் அதைச் சொல்லித் தப்பிக்கிற நான், கையில் படிவம் வந்ததும் வெளியூர்க்காரன் ஆகிவிட்டேன்.

எல்லாரையும் மறுபடி போய்க் கேட்க இனி எங்கே முடியப்போகிறது என்று உட்கார்ந்துவிட்டேன். அவள் வங்கியில் விடுப்புப் போட்டுவிட்டு ஸ்கூட்டரில் பின்னால் ஏறினாள். கேள்வியையும் அவளே மாற்றினாள்: “எந்த மாசமுங்க குழாய் போடறீங்க?” மாதம் சொன்னவர்களை மட்டும் ‘ஆம்’ என்று குறித்தோம். மற்றவர்கள் இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். வயிறு முட்ட இளநீர் குடித்தோம்.

ஆய்வின் முடிவு தலைகீழானது. கேள்வி நன்றாக இருக்கிறதே என்றார் நெறியாளர். அது யாருடையது என்று சொல்லிவிட்டேன். அந்த அளவுக்கு நான் யோக்கியன்.

ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முந்தின நாள் காலை அவள் கேட்டாள்:

“நன்றியுரையில என்னையும் போடுவீங்களா?”

“ஆகட்டும் அம்மணி.”

“எந்த மாசமுங்க?”

முதலில் போய் அடுப்பைத் துடைத்தேன். பிறகு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒற்றை விரலால், முதல் வரியில் அவள் பெயரைத் தட்டினேன்.