அலைச் சத்தத்தை எடுத்த பிறகு

அறையில் அம்மா இருந்தாள், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில். அண்ணி இருந்தாள், கதவுப் பக்கம், நின்றபடி. எடிட்டிங் அக்கா கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். அவர் நாற்காலிக்குப் பின்னால் நான். அண்ணனும் இருந்தார், திரையில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, படகை நோக்கி ஒரு காலைத் தூக்கியபடி. அக்கா அந்த இடத்தில் படத்தை நிறுத்தி வைத்திருந்தார். பகல் பதினொரு மணி இருக்கும். மீஞ்சூர் ஸ்டேஷனில் நிற்காத ரயில் ஒன்று போனது. மேஜை மேல் டம்ளரில் இருந்த தண்ணீர் நடுங்கியது. திரையில் இருந்த கடல் அசையவில்லை.

நான் பழவேற்காடு பக்கம் லைட்ஹவுஸ் குப்பத்துக்காரன். எட்டாவதோடு படிப்பை விட்டேன். கடலுக்குப் போனால் எனக்கு வாந்தி நிற்காது. அதனால் கேமராவுக்கு வந்தேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுப் படகுக்குப் பூஜை, இதெல்லாம் எடுப்பேன். எடுத்ததை மீஞ்சூருக்குக் கொண்டுபோய் எடிட்டிங் அக்காவிடம் கொடுப்பேன். வெட்டுவதும் ஒட்டுவதும் அவர் வேலை. எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. அண்ணியைப் பற்றி இன்னும் சிலர் ஒரு பேச்சுப் பேசுகிறார்கள். அது தப்பு. அதற்காக எழுதுகிறேன்.

அண்ணன் புது ஃபைபர் படகு எடுத்தார். அவருக்கும் அண்ணிக்கும் அப்போது கல்யாணமாகி ஒன்றேகால் வருஷம். காலையில் கரையில் பூஜை. படகுக்கு மஞ்சள், குங்குமம், மாலை. பூசணிக்காய் உடைத்தார்கள். அண்ணி ஆரத்தித் தட்டோடு என் இடது பக்கம் நின்றாள். அம்மா பத்தடி தள்ளி, சொந்தக்காரப் பெண்களோடு நின்றாள். காற்று பலமாக இருந்தது. இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் படகை நோக்கி நடந்தார். அப்போது பின்னாலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். எங்கள் பக்கம் கடலுக்குப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. மறந்துபோன சாமானைக்கூட ஓடிப்போய் முன்னால் நின்றுதான் கொடுப்பார்கள். சத்தம் கேட்டு அம்மா திரும்பிப் பார்த்தபோது அண்ணியின் வாய் திறந்திருந்தது. அம்மா பார்த்தது அவ்வளவுதான். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் முகத்துவாரத்துக்கு நேராக மணல் திட்டின் மேல் அலை எழும்பிப் படகு கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேர் நீந்தி வந்தார்கள். அண்ணன் வரவில்லை. உடம்பும் வரவில்லை.

பதினாறாம் நாள் வைக்கோலில் ஒரு ஆள் செய்து, அண்ணன் சட்டையை மாட்டி, எரித்தோம். அம்மா அண்ணியைப் பக்கத்தில் விடவில்லை. "வாயத் தொறந்து வழியனுப்பினவ, இங்க இன்னா பாக்க வந்தா," என்றாள். "நான் கூப்பிடல அத்தே," என்றாள் அண்ணி. தோணிரேவில் இருந்த தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். பேச்சு அவளுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. காலையில் ஏரிக்குத் தொழிலுக்குப் போகிறவர்கள் அவள் வீட்டு வாசலைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனார்கள். குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவளும் குரல் கொடுப்பதை விட்டுவிட்டாள். சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்றால்கூட நடந்துபோய், அப்பாவுக்கு முன்னால் நின்று, முகத்தைப் பார்த்துதான் சொல்வாளாம். "எம் பொண்ணு நைனான்னு கூப்ட்டு எத்தினி நாளாச்சு தெரியுமா?" என்று அவள் அப்பா ஒரு தடவை பழவேற்காடு மார்க்கெட்டில் என்னைப் பிடித்துக் கேட்டார். நான் பஸ் வந்துவிட்டது என்று சொல்லிப் போய்விட்டேன்.

பூஜை வீடியோ என்னிடம் இருந்தது. சொந்தக்காரர்கள் என் போனில் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். காற்று, அலை, இன்ஜின். எல்லாவற்றுக்கும் அடியில் மெல்லிசாக ஒரு குரல், ஒரு நொடி. பொம்பளைக் குரல் மாதிரிதான் கேட்டது. குரல் வந்ததும் படம் முடிந்துவிடும். அண்ணன் திரும்பினாரா இல்லையா என்பது அதில் இல்லை. நான் அங்கே கேமராவை நிறுத்தியிருந்தேன்.

எடிட்டிங் அக்காவுக்கு வாய் அதிகம், வேலையும் அதிகம். முன்பெல்லாம் ஒரு கல்யாண வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கடைசிப் பிரதி எடுக்க விட்டால் மறுநாள்தான் முடியும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. புது சிஸ்டம் வாங்கிப் புது வெர்ஷன் போட்ட பிறகு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. "படம் இன்னும் வேவலன்னு சொல்லி கஸ்டமர இழுத்தடிக்க முடியல, அதான் கஷ்டம்," என்பார். யார் முகம் எந்த ஷாட்டில் இருக்கிறது என்று அதுவே பிரித்து வைத்தது. பேசினதை எழுத்தில் காட்டியது. கூட்டத்தில் ஒரு ஆளைத் தொட்டால் அவரை மட்டும் அழித்துவிட்டு, அவருக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டிய சுவரை அதுவே வரைந்துகொண்டது. சண்டை போட்டுப் போன ஒரு மாமாவை ஒரு வீட்டார் அப்படி அழிக்கச் சொன்னார்கள். "பாரு, பந்தியில மூணு வாட்டி பாயசம் வாங்கின ஆளு கல்யாணத்துக்கே வரல," என்று அக்கா சிரித்தார். நான் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒருவர் நின்றிருந்தார் என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை.

அண்ணி ஒருநாள் அண்ணன் போட்டோவைப் பெரிதாக்க அங்கே போயிருக்கிறாள். ஒரு கல்யாணத்தில் மேளத்தை எடுத்துவிட்டு மந்திரம் சொன்ன குரலை மட்டும் அக்கா வைத்ததைப் பார்த்தாளாம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "அலைய எடுக்குமாக்கா?" என்று கேட்டாளாம். அக்கா எனக்குப் போன் போட்டார். "ஒரிஜினல் கார்டு உன்கிட்டதான் இருக்குது. எடுத்துக்கினு வா. உங்க அம்மாவையும் கூட்டிக்கினு வரணுமாம். அவங்க காதால கேக்கணுமாம்." மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. பஸ்ஸில் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "அலைய எடுக்கற மிஷினாம். கடலு கேட்டா சிரிக்கும்," என்றாள். அப்புறம், "எடுத்தா எடுக்கட்டும். அவ கொரலு எனக்குத் தெரியாதா," என்றாள்.

அக்கா ஒரு பட்டனை அழுத்தினார். ஒரே கோடாக இருந்த சத்தம் இரண்டாகப் பிரிந்தது. மேலே பேச்சு. கீழே மற்றதெல்லாம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கீழே இருந்ததை அணைத்துவிட்டு முதலிலிருந்து ஓடவிட்டார். கடலுக்குச் சத்தம் போய்விட்டது. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தம் இல்லாமல் நான் கடலைப் பார்த்ததில்லை. அலை வந்தது, உடைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. இன்ஜின் புகை விட்டது, ஒன்றும் கேட்கவில்லை. பூசணிக்காய் சத்தமில்லாமல் சிதறியது. செத்தவர்கள் நம்மைப் பார்ப்பது இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. அப்புறம் ஒரு மூச்சுச் சத்தம் வந்தது. உள்ளே, வெளியே, உள்ளே. எங்கள் நாலு பேருக்கும் நடுவில் இன்னொருவர் உட்கார்ந்து மூச்சு விடுகிற மாதிரி. அம்மா அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"யாரு மூச்சு இது?"

"கேமரா புடிச்சவன் மூச்சும்மா. மைக்கு அவன் வாய்க்குக் கிட்டத்தான இருக்கும்," என்றார் அக்கா.

நான் என் மூச்சை அடக்கிக்கொண்டேன். திரையில் அது போய்க்கொண்டே இருந்தது. அண்ணன் மணலில் நடந்தார். காலைத் தூக்கினார். குரல் வந்தது.

"அண்ணா, இங்க பாரு."

என் குரல். காற்றும் அலையும் போன பிறகு அதில் பொம்பளைக் குரல் எதுவும் இல்லை. அது என் தொழில் வார்த்தை. மாமா இங்க பாருங்க, அத்தை இங்க பாருங்க என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வேன். முதுகைக் கண்டால் வாய் தானாகச் சொல்லிவிடும். மறந்துவிட்டாயா என்று கேட்டால், மறக்கவில்லை. நினைப்பு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வேறு வேலை பார்த்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. அண்ணியைத்தான் கேட்டார்கள்.

அக்கா மறுபடி ஓட்டவில்லை. அம்மா என்னைப் பார்க்கவில்லை, அண்ணியையும் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தே பேசினாள். "கூப்ட்டா மட்டும் ஒண்ணும் ஆவாது. போறவன் திரும்பிப் பாத்தாத்தான். அவன் திரும்பினானா?"

"அத்தோட கேமரா நின்னுடுச்சும்மா," என்றார் அக்கா. பிறகு, சும்மா இருக்க முடியாமல் சொன்னார். "புதுசுல ஒண்ணு இருக்குது. ஷாட்டு முடிஞ்ச எடத்துலேந்து இன்னும் ரெண்டு செகண்டு அதுவா போட்டுத் தரும். ஒரு செகண்டுக்கு இருபத்தஞ்சு படம், மொத்தம் அம்பது. ஆனா நெசம் இல்ல. மிஷின் அதுவா நெனச்சுக்கிறது."

"போடு."

கொஞ்ச நேரம் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. அண்ணன் தூக்கிய காலை மணலில் வைத்தார். அடுத்த காலை எடுத்து வைத்தார். படகை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தார். எந்த இடத்தில் என் கேமரா நின்றது, எந்த இடத்தில் மிஷின் ஆரம்பித்தது என்று எனக்கே தெரியவில்லை. அம்மா என் கையைத் தட்டினாள். "பாத்தியா. திரும்பல. காத்துல அவன் காதுல வுழல. விடு," என்றாள்.

கதவுப் பக்கமிருந்து அண்ணி பேசினாள். "ரெண்டு வருஷமா எனக்காக இத ஒரு வாட்டி கேக்கலியே அத்தே. திரும்பினாரா இல்லியான்னு."



"இன்னொரு வாட்டி போடுக்கா," என்றாள் அண்ணி.

வட்டம் மறுபடி சுற்றியது. இந்தத் தடவை அண்ணன் திரும்பினார். சட்டை அவருடையது. முடி அவருடையது. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், அதுவும் அப்படியே. முகம் அவருடையது இல்லை. அந்த ஷாட்டில் அவர் முகமே விழவில்லை, அதனால் மிஷின் எங்கிருந்தோ ஒரு முகத்தைக் கொண்டுவந்து வைத்திருந்தது. நல்ல முகம்தான். அது நான் நின்ற இடத்தை நேராகப் பார்த்துச் சிரித்தது. முடிந்ததும் திரும்ப ஆரம்பத்துக்குப் போனது. மறுபடி திரும்பிச் சிரித்தது. மறுபடி. அக்காவுக்கு நிறுத்தத் தோன்றவில்லை.

"யாரு இவன்?" என்றாள் அம்மா, மெதுவாக. "எம் புள்ள சட்டையில யாரு நிக்கறான்?"

வைக்கோல் ஆளுக்காவது நாங்கள் முகம் வைக்காமல் விட்டிருந்தோம்.

"அண்ணன் திரும்பிச்சு," என்றேன். "என்னப் பாத்துச்சு. சிரிச்சுது. அதுக்கு முன்னாடியே, கூப்ட்டது தப்புன்னு தெரிஞ்சு, கேமராவ நிறுத்திட்டேன். நான்தான் கூப்ட்டேன். அண்ணி என்னத் தடுக்கத்தான் வாயத் தொறந்துச்சு."

அக்கா திரையை அணைத்தார். அம்மா எழுந்து, புடவையை உதறிக்கொண்டு, அண்ணியின் முன்னால் போய் நின்றாள். அண்ணியின் கையில் இருந்த பையை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். அன்றைக்கு அம்மா குப்பத்துக்கு வரவில்லை. தோணிரேவு வரை போய், குழாயடியில் நின்று, "கூப்ட்டது என் சின்னவன். இவ இல்ல," என்று தண்ணீர் பிடிக்க வந்த ஒவ்வொருத்தியிடமும் சொல்லியிருக்கிறாள். பாதிப் பேர் நம்பினார்கள். பாதிப் பேர், மிஷினில் குரலை மாற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள் என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. முகத்தையே போட்டுத் தருகிற மிஷினுக்குக் குரல் போடத் தெரியாதா. அந்த வீடியோ இனி எதற்கும் சாட்சி இல்லை. அதனால்தான் கையால் எழுதி வைக்கிறேன்.

இப்போதும் கல்யாணம் எடுக்கிறேன். யாரையும் கூப்பிடுவதில்லை. எதிரில் போய் நிற்கிறேன். பார்த்தால் பார்க்கிறார்கள், இல்லாவிட்டால் இல்லை. பார்ட்டி குறை சொன்னால் அக்கா சரிசெய்து கொடுக்கிறார். இப்போது வந்திருக்கிற வெர்ஷனில் வேறு எங்கோ பார்க்கிறவர்களின் கண்ணைக்கூடக் கேமரா பக்கம் திருப்பிவிடலாம். ஒரு மண்டபம் நிறைய ஆட்கள், கூப்பிடாமலேயே, எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

மீஞ்சூர் போய்வந்த மறுநாளே நான் தோணிரேவுக்குப் போனேன். அண்ணி வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். முன்னால் போய் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

"நான்தான்னு உங்களுக்குத் தெரியும் இல்ல அண்ணி," என்றேன்.

"பக்கத்துலதான நின்னேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா எம்மேல இருந்தத உம்மேல தள்ளிட்டேன்னு ஆவும். அத்தைக்கு மிச்சம் இருக்கறது நீ ஒருத்தன்." ஒரு இறாலின் தலையைக் கிள்ளிப் போட்டாள். "நீயா சொல்லுவன்னு இருந்தேன் தம்பி. தெனம் காலையில இன்னிக்கு வருவான்னு நெனப்பேன்."

எத்தனை நாள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் யோசிக்கவே இல்லை.

"எழுநூத்தி நாப்பத்தாறு."